உன் தறிக்குழியும் என்ஜின் மேடையும்

உ

பெரிய காஞ்சிபுரம்,
18-11-1973

அன்பு மகன் வீரபாகுவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. காமாட்சி தயவில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அந்தப் பிலாய்க் குளிரில் ஒன்றும் வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை என்றேன், மனசைக் கேட்காதே. உன் கடுதாசி வந்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள், அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. நேற்று ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், உன் தங்கச்சி காந்தா வாயில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், மோரை எடுத்து ஊற்றிக்கொண்டாள்.

கரண்டு பொழுதுக்கும் போய்ப் போய் வருகிறது. மழை இருட்டில் ஜரிகை எது பட்டு எது என்று உன் அப்பாவுக்குத் தெரிவதில்லை, தை முகூர்த்தத்துக்குச் சொன்ன புடவை பாதியில் நிற்கிறது. அதனால்தான் மெக்கானிக் சிட்டிபாபுவைப் பிடித்து, பழைய பம்பு செட்டு என்ஜினுக்கும் லாரி டைனமோவுக்கும் பெல்ட்டு மாட்டி, வீட்டிலேயே கரண்டு எடுக்கிறேன் என்று கிளம்பினார். விளக்கு எரிகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். என்ஜின்தான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. முதலில் பலா மர பெஞ்சில் வைத்து முடுக்கினார், அது உதறிக்கொண்டே கிணற்றடி வரை போய், பெல்ட்டு கழன்று அவர் முழங்காலில் அடித்தது. வீக்கம் இப்போதுதான் வடிந்தது, அவனுக்கு எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். அப்புறம் துவைக்கிற கல்லின்மேல் வைத்துக் கட்டினார், அந்த அதிர்வு தரையோடு வந்து முன்கட்டுத் தறியில் இழை இழையாக அறுந்தது. அதற்குப் பிறகுதான் என்ஜினுக்கு மேடை எப்படிப் போடுவது என்று உன்னைக் கேட்டு எழுதினார்.

நீயும் படம் போட்டு அனுப்பினாய். மூன்றடி ஆழத்துக்குக் கான்கிரீட், ஈரத்திலேயே போல்ட்டு நட வேண்டும், சுற்றி மணல் கொட்டினால் அதிர்வு பரவாது, எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி எழுதினாயே, புதுசா எதுக்குத் தோண்டணும், பின்கட்டுல என் தறிக்குழி சும்மாதானே கிடக்குது, மூணடி இருக்கும், அதையே ரொப்பிடுங்க என்று. உன் அப்பா அதைப் படித்துக் கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்தார், இரண்டு நாள் தறியை விட்டு எழவில்லை. மூன்றாம் நாள் போய் சிமெண்டுக்குப் பர்மிட்டு வாங்கி இரண்டு மூட்டை கொண்டுவந்தார். நீ தறியை விட்டு அந்த இரும்பு ஆலைக்குப் போன அன்று அவர் பேசினதும் தப்பு, நீ பேசினதும் தப்பு. நீ காலை இறக்கி உட்கார்ந்து நெய்த அந்தக் குழியை நாலு வருஷமாகப் பெருக்கிப் பலகை போட்டு மூடி வைத்திருக்கிறவள் நான். சும்மா கிடக்கிறது என்று எழுத உனக்கு எப்படியப்பா கை வந்தது.

வெள்ளிக்கிழமை கொத்தனார் கண்ணாயிரம் வந்து ஜல்லி மணல் சேர்த்துக் கலவை போட்டார். நான் பலகையை எடுத்துவிட்டு, குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்துவிட்டேன். எழுந்திரும்மா, கலவை இறுகிக்கினு வருது என்று கண்ணாயிரம் இரண்டு தரம் சொன்னார், இன்னும் ஒரு முறம் இருக்குதுபா என்றேன். உன் அப்பா கத்தப்போகிறார் என்று தலை நிமிராமல் இருந்தேன். அவர் அடிக்கோலை எடுத்து வந்து என் கால் பக்கத்தில் இறக்கி அளந்தார். ரெண்டரை அடிதான் இருக்குது, இது என்ஜினுக்கு ஆவாது என்று சொல்லி, கலவையைக் கிணற்றடித் தளத்துக்குத் திருப்பிவிட்டார். அரையடி வெட்டினால் தீர்ந்தது, அது அவருக்குத் தெரியாதா, கண்ணாயிரத்துக்குத்தான் தெரியாதா. கண்ணாயிரம் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.

மத்தியானம் இலையில் உட்கார்ந்தவர் தானாகவே சொன்னார். பதினாறு வயசுல கால் நீண்டுக்கினு முட்டி இடிக்குதுன்னான், நான்தான் இன்னும் ஒரு சாண் வெட்டி ரெண்டரை அடி ஆக்கிக் குடுத்தேன், அந்த அளவு அவனுக்கே மறந்துட்டுது பாரு என்றார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். 

நீ மேடைக்கு யோசனை சொன்னாயா, இல்லை இனித் தறிக்கு வர மாட்டேன் என்று சொன்னாயா, அது எனக்குத் தெரிய வேண்டும். மீதி ஒரு மூட்டை சிமெண்டைப் பரண்மேல் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன், ஈரம் ஏறாவிட்டால் பொங்கல் வரை தாங்கும் என்கிறார் கண்ணாயிரம். பொங்கலுக்கு லீவு போட்டு வா. அந்தக் குழியில் இறங்கி ஒரு தரம் காலை வைத்துப் பார். பார்த்த பிறகும் ரொப்பத்தான் வேண்டும் என்றால் முதல் சட்டிக் கலவையை நீயே கொட்டு, நான் ஜல்லி சுமந்து தருகிறேன், அழ மாட்டேன்.

கம்பளி போர்த்திக்கொள், ராத்திரி வேலை என்றால் வெறும் வயிற்றோடு போகாதே. நீ நீண்ட ஆயுசோடு, நல்ல பேரோடு இருக்க வேண்டும். வருகிற தேதியை ஒரு கார்டில் எழுதிப் போட மறக்காதே, அதுவரை லாந்தர் வெளிச்சத்திலேயே நெய்கிறேன் என்று உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ந. மணியம்மாள்