மலை பார்க்க ஒரு நாள் விடுப்பு

ஜூலை 27, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் வரும் என்று ஏமாற்றுகிறது. துணி துவைத்தாச்சு. மாவு அரைத்தாச்சு. டிக்கெட் போட்டாச்சு!! புதுச்சேரி – கோயம்புத்தூர், ஆகஸ்ட் 14 புதன், சாயங்காலம் ஆறரை மணி பஸ். சீட் 9, 10. நானும் வசந்தா அக்காவும். வேறு யாரும் இல்லை. வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் இல்லை, மாமியார் இல்லை. முதல் தடவை தப்பான பட்டனை அமுக்கிவிட்டேன்.

15 வியாழன், சுதந்திர தினம். 16 வெள்ளி, பிரெஞ்சுக்காரன் நம் புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த நாள், லீவு. 17, 18 சனி ஞாயிறு. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

அக்காவுக்கு போன். பாகூரில் பிறந்தவளை ஆறு தாண்டிக் கடலூர் பக்கம் கட்டிக்கொடுத்தது. அங்கே ஒரு முறுக்கு கம்பெனியில் பேக்கிங் வேலை, சனி ஞாயிறு லீவு. "புதன் கெளம்பி திங்க காலைல வந்துடலாம்க்கா" என்றேன். புதன், வியாழன் என்று நாளை எண்ணிப் பார்த்தாள். அப்புறம், "சரிடி. அங்க ரொம்பக் குளுருமா?" வயசு நாற்பத்து நாலு. குரலைக் கேட்டால் பதினாலு.

ஜூலை 28, ஞாயிறு

வீட்டுக்காரர்: "மயிலம் முருகன் கோயிலு பக்கத்துலயே இருக்குது. அது மலை இல்லியா? இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்?"

"அது மேடு" என்று சொல்லிவிட்டேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முருகா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. 15ஆம் தேதி மருதமலைக்கு வந்து சரி பண்ணிவிடுகிறேன்.

பிளான்:
வியா – ரூம், குளியல், மருதமலை.
வெள் – குன்னூர்!! மலை ரயில் வெயிட்டிங் லிஸ்ட் 61, கனவில்தான் ஏறணும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ். ஜன்னல் சீட் மாறி மாறி.
சனி – ஆழியார் அணை, அருவி (தண்ணீர் ரொம்ப வந்தால் விட மாட்டார்களாம்).
ஞாயி – பேரூர் கோயில். அக்காவுக்கு ஒரு காட்டன் புடவை. பஸ்.

வெள்ளிதான் அசல் நாள். மேகத்துக்குள் நடக்கலாமாம். அக்காவும் நானும் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி தவிர சேர்ந்து எங்கேயும் போனதில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

லாட்ஜுக்கு போன். "சுடுதண்ணி வருமா?" "வருமுங்க. எங்கிருந்துங்க பேசறீங்க?" "பாண்டி." அந்தப் பக்கம் ஒரே குஷி. "பாண்டிங்களா! வரப்போ ஏதாச்சும் கொண்டாருவீங்களா?"

நம் ஊர் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் பாட்டில்தான் ஞாபகம். "கொண்டாறேன்" என்றேன். "எங்கக்கா கம்பெனி முறுக்கு." மனுஷன் போனை வைக்கிற வரை சிரித்தார். ரூம் உறுதி.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம். வெயில் கொளுத்துகிறது, நான் கடை கடையாக ஸ்வெட்டர் தேடுகிறேன். கடைக்காரர்: "இந்த ஊர்ல ஸ்வெட்டர் யாரும்மா கேக்கறாங்க? கொழந்தைக்குப் போடறதுதான் இருக்கு."

ஆபீஸில் என் பக்கத்து மேசை அமலோற்பவம் மேடம் காப்பாற்றினார். பிரான்சில் இருக்கிற அவர் தம்பி விட்டுப்போன கோட்டு ஒன்று. கருப்பு, முழங்கால் வரைக்கும், உள்ளே இரண்டு பேர் குடித்தனம் நடத்தலாம். அக்காவுக்குக் கொடுத்து அனுப்பியாச்சு. எனக்குச் சால்வை போதும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஐயோ.

ஆபீஸில் 16ஆம் தேதி அரசு கொடியேற்றத்துக்குக் கீழூருக்கு யார் யார் போவது என்று பேச்சு. நான் ஊரிலேயே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு லீவு. உங்கக்காவுக்கு ஏதும்மா லீவு? ஆத்துக்கு அந்தாண்ட தமிழ்நாடாச்சே. அவங்கள இன்னா பிரெஞ்சுக்காரனா ஆண்டான்?"

வருஷா வருஷம் எனக்கு 15ம் 16ம் சேர்ந்தே வருகிற லீவு. பாகூரிலிருந்து அக்கா ஊர் எட்டு கிலோமீட்டர்தான், அங்கே வெள்ளிக்கிழமை வெறும் வெள்ளிக்கிழமை என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

மத்தியானம் போன். "அக்கா, வெள்ளிக்கெழம உனக்கு லீவே இல்லியேக்கா!"

"தெரியும்டி."

"தெரியுமா? அப்ப இன்னாத்துக்குச் சொல்லல?"

"சொன்னா நீ கேன்சல் பண்ணிடுவ. அதான்."

கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. டிக்கெட்டைத் தொட மாட்டேன். ஆனால் அக்கா வராமல் நான் மட்டும் போய் எந்த மேகத்துக்குள் நடப்பது?

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆளுக்கொரு யோசனை. வீட்டுக்காரர்: "யாராச்சும் செத்துட்டாங்கனு சொல்லச் சொல்லு." மேடம்: "காய்ச்சல்னு எழுதினா போச்சு."

அக்காவிடம் சொன்னேன். "சாவெல்லாம் இங்க செல்லாதுடி. ஒருத்தி அவ பெரியம்மாவ ரெண்டு தபா சாவடிச்சிட்டா. மேனேஜரு இப்ப போட்டோ கேக்கறாரு."

ஒன்பது வருஷத்தில் எடுத்த லீவு எல்லாம் அவளே ஒப்பித்தாள். மாமனார் காரியம். மாமியார் கண் ஆபரேஷன். பையனுக்கு அம்மை. நாத்தனார் வளைகாப்பு. "எனக்குன்னு ஒண்ணு எடுத்ததில்லடி. எப்பிடிக் கேக்கறதுன்னே தெரில."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் தாளிப்பு கருகியது.

ஆகஸ்ட் 12, திங்கள்

லேசான தூறல். "நாளைக்குக் கேக்கறேன்" என்கிறாள். இது மூன்றாவது நாளைக்கு. நான் பையை மூன்று தடவை கட்டிப் பிரித்துவிட்டேன்.

எலுமிச்சை 4 (அக்காவுக்கு வளைவு ஒத்துக்காது)
கவர், இஞ்சி மிட்டாய்
குடை 2
ஆதார் ஜெராக்ஸ்
தைலம், சார்ஜர்
புளிசாதம் – புதன் காலை கிளறணும்

எல்லாம் இரண்டு பேருக்குத்தான் எடுக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

காலையிலிருந்து அக்கா போன் எடுக்கவில்லை. புளிசாதத்தில் உப்பு போட்டேனா, ஞாபகமில்லை. அஞ்சேகாலுக்கே பஸ் ஸ்டாண்டு. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு அம்மா, "தனியாவா போறீங்க?" என்கிறார். தெரியலைங்க என்றேன்.

6.10. அக்கா!! கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறாள். அந்தப் பிரான்சு கோட்டு, கழுத்து வரை பட்டன். வேர்வை ஊற்றுகிறது.

"கழட்டேன்க்கா!"

"பையில எடம் இல்லடி. முறுக்கு."

லீவு? கடிதத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். அக்காவின் குண்டு குண்டு எழுத்து. 'ஐயா, நான் மலை பார்க்கப் போவதால் 16ஆம் தேதி ஒரு நாள் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

"மேனேஜரு ரெண்டு தபா படிச்சாரு. யாருக்கு ஒடம்பு சரியில்லனு கேட்டாரு. யாருக்கும் ஒண்ணுமில்ல சார், எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, எனக்குத்தான் மலை பாக்கணும்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"கையெழுத்துப் போடப் பேனா கேட்டாருடி. குடுத்தேன்."

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் சீட் முழுக்க அக்காவுக்கே.