அப்பாவின் பதினாலு புள்ளி ஆறு

28-11-2005, குரும்பலூர்
மழை விடவில்லை. கல்லூரிக்கு மட்டம். காய்ச்சலும் நீர் எரிச்சலுமாக இருக்கும் அப்பாவோடு திருச்சிக்குப் போய் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்கினேன். பி.எஸ்.ஏ. 14.6. நாலுக்குள் இருக்க வேண்டுமாம்.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "புராஸ்டேட் சுரப்பிக்கான டெஸ்ட் இது. கேன்சர் இருந்தாலும் ஏறும், யூரின்ல கிருமி இருந்தாலும் ஏறும். இவருக்குக் கிருமி இருக்கு. மாத்திரை முடிச்சு, ஆறு வாரம் கழிச்சு மறுபடி எடுங்க."

அப்பா காதில் கேன்சர் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. பெரம்பலூர் வரும்வரை பஸ்ஸில் அந்த ரிசல்ட்டையே பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

30-11-2005
"நாலு எங்க, பதினாலு எங்க" — அப்பாவுக்கு இதே புலம்பல். கிருமி, கிருமி என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

4-12-2005
தா.பழூர் வரன். படிப்பு முடியட்டும் என்று அப்பாவே தள்ளிவைத்தது. இன்று அவரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார்.

"நான் இருக்கும்போதே உன்னத் தாரை வார்த்துக் குடுத்துடணும் பாப்பா."

கோபமாக வந்தது. ஆனால் சாகப்போகிறேன் என்று உட்கார்ந்திருப்பவரிடம் என்னவென்று கோபப்படுவது?

19-12-2005
காய்ச்சல் இல்லை, எரிச்சலும் இல்லை. "பாத்தீங்களா?" என்றேன். "அது வேற, இது வேற" என்கிறார்.

9-1-2006
ஆறு வாரம் ஆயிற்று. டெஸ்டுக்குப் போகலாம் என்றதும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. இப்பப் போயி ஆஸ்பத்திரியில நின்னா மாப்பிள்ள வூட்டுக்குத் தெரியாதா? அப்பனுக்குக் கேன்சராம்னா எவன் வருவான்? கல்யாணம் முடியட்டும்டி."

அந்த டெஸ்ட் நல்லபடியாக வந்தால் இந்தக் கல்யாணத்துக்கே இப்போது அவசரம் இல்லையே அம்மா? கேட்டேன். வாய மூடு என்றாள். மூடிக்கொண்டேன். ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

23-1-2006
ஜவுளி எடுத்தார்கள். எந்த நிறம் என்று கேட்டார்கள். எதுவாக இருந்தால் என்ன.

12-2-2006, தா.பழூர்
கல்யாணமாகி இங்கே வந்து நான்கு நாள். கணவர் மகேஷ் மோசமில்லை. ஏப்ரலில் கடைசி வருஷப் பரீட்சை என்றேன். "அம்மாவக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

27-2-2006
அவர் சொல்லவில்லை. அறுவடை ஆட்களுக்குச் சோறு வடிக்கவே பொழுது சரியாக இருக்கிறது. பரீட்சைக்குப் பணம் கட்டும் தேதி போய்விட்டது.

11-3-2006
அப்பா வந்தார், மைசூர்பாகோடு. என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சட்டைப்பையிலிருந்து ரிசல்ட்டை எடுத்தார். 2.8.

"கிருமி செஞ்ச வேலதானாம் பாப்பா! எனக்கு ஒன்னுமில்லையாம்!"

எத்தனை நாளாயிற்று இந்த முகத்தைப் பார்த்து. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா பிழைத்துவிட்டார், அதற்குத்தான் அழுதேன். அதற்கு மட்டுமா?

கிளம்பும்போது, "பரீட்சைக்கு நல்லாப் படிக்கிறியா?" என்றார். ம் என்றேன்.

எதற்கு இனிப்பு என்று மாமியார் கேட்டார். சும்மாதான் அத்தை என்றேன்.