வேளாங்கண்ணித் தண்ணீர்

ராயபுரம்,
வெள்ளிக்கிழமை

கப்பலில் இருக்கும் என் அன்பருக்கு,

நீங்கள் போன மறுவாரம், நம் ஆறு வயது ஜோவிட்டா திடீரென்று பாயை நனைக்க ஆரம்பித்தாள். உங்களைத் தேடுகிறாள் என்று நினைத்து, பொழுது சாய்ந்தால் தண்ணீர் தருவதை நிறுத்தினேன். மாதா பீடத்திலிருந்த வேளாங்கண்ணித் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டாள். அடித்தேன்.

"தாகமா கீதும்மா. மாதா கோச்சுக்கமாட்டாங்க" என்றாள்.

பாயில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்த எதிர்வீட்டு மலிகா அக்காதான், "டாக்டராண்ட இட்டுகினு போ" என்றார். சர்க்கரை நோயாம். தினமும் ஊசி.

அவளை அடித்த அதே கையால் ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அவளோ வயிற்றைத் தானே பிடித்துக் காட்டி, "பயப்படாதம்மா, நான் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்றேன்" என்கிறாள். இதைப் படித்து நீங்களும் அழக்கூடாதாம்.

மாதா பீடத்துப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அவள் கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவளிடம் தைரியம் கற்கும் அம்மா