பதினாலாம் நம்பர் வீடு

அன்புள்ள அப்பா,

உட்கார்ந்து படியுங்கள். நல்ல செய்திதான்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் குடிநீர்க் குழாய் போட்ட மேட்டுத் தெருவில், அடுத்த இரண்டு வருஷமும் குழந்தைகளின் சாவு இரண்டு மடங்கானது என்று என் ஆராய்ச்சியில் எழுதினேன். குழாயில்தான் கோளாறு என்றும் முடிவு கட்டினேன். படித்துவிட்டு, "உன் கணக்கு சரியாத்தான் இருக்கும்மா" என்றீர்கள். அதோடு சரி. அப்புறம் எப்போது போன் செய்தாலும் அப்பா தூங்குகிறார் என்றுதான் அம்மா சொல்கிறாள். காலை பதினோரு மணிக்குமா?

நேற்று இறப்புப் பதிவேட்டை மறுபடி புரட்டினேன். அந்தக் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே விலாசம்: மேட்டுத் தெரு, பதினாலாம் நம்பர். ஒரே வீட்டில் இத்தனை சாவா? நேரே போய்ப் பார்த்தேன். இப்போது அது சைக்கிள் கடை. கடைக்காரப் பெரியவர் சொன்னார்: "பெரியாஸ்பத்திரிய இடிச்சுக் கட்டினப்போ ரெண்டு வருஷம் குழந்தைங்க வார்டு இங்கதாம்மா இருந்துச்சு."

உயிர் போன இடத்தையே குமாஸ்தா விலாசமாக எழுதியிருக்கிறார். இத்தனை படித்த நானும் அதை அப்படியே நம்பியிருக்கிறேன். பெற்றோரின் விலாசம் அதே பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எல்லாமே அன்றைக்குக் குழாய் போகாத தெருக்கள். அந்தக் குழந்தைகளைக் கழித்துப் பார்த்தால், உங்கள் குழாய் வந்த பிறகு மேட்டுத் தெருவில் சாவு பாதியாகக் குறைந்திருக்கிறது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

திருத்தி எழுதி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் செய்கிறேன். தூங்கிவிடாதீர்கள், அப்பா.

உங்கள்
அவசரக்குடுக்கை