சாம்பலில் பீடித் துண்டு

1968 பிப்ரவரி 5, திங்கள்

காலையில் நல்ல பனி. ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. விறகு நமத்துப் போய் அடுப்பு பற்றவில்லை. ஊதி ஊதிக் கண் இரண்டும் சிவப்பு.

அடுப்பு பற்றவைக்கும் முன், வழக்கம்போல் முதல் நாள் சாம்பலைச் சிரட்டையால் வழித்துத் தகர டப்பாவில் போட்டு வாசலில் வைத்தேன். வீட்டுக்காரி பொன்னுத்தாயி அக்கா எடுத்துப் போவாள். இந்தப் பின்கட்டு அறைக்குக் குடிவந்த அன்றே பேசிய பேச்சு அது: பூட்டு அவர்களுடையது, சாம்பலும் அவர்களுக்கு. சலித்து அவரைச் செடிக்குத் தூவுவாள், பூச்சி பிடிக்காதாம்.

இன்று சல்லடையோடு திரும்பி வந்தாள். கரித்துண்டுகளுக்கு நடுவே மூன்று பீடித் துண்டு.

"இது என்னது டீச்சர்?"

"பீடி."

"பீடின்னு எனக்குத் தெரியாதா? ஒங்க அடுப்புல எப்பிடி வந்துச்சுன்னு கேக்கேன்."

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாது என்றேன். என்னைக் காலிலிருந்து தலைவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"போன வாரமும் கெடந்துச்சு. கேக்க வேண்டாம்னு இருந்தேன்."

சல்லடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பீடித் துண்டுகளைக் கொட்டவில்லை. காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எதற்கு? யாரிடம் காட்ட?

என் மேல்தான் எனக்கு ஆத்திரம். தப்புச் செய்தவள் மாதிரி நின்றேன்.

பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்ப்பாட்டுக்காகக் கண்டபடி திட்டினேன். பாவம், அதுகள் என்ன செய்யும்.

சாக்கட்டி தீர்ந்துவிட்டது. கேட்க வேண்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பனி இல்லை. காலையிலேயே வெயில்.

கிணற்றடியில் நான் போனதும் பேச்சு நின்றது. குடத்தை நிரப்பித் திரும்பி நடந்த பிறகு, எனக்குக் கேட்கிற மாதிரியே:

"பஸ்ஸுல வந்துட்டு வந்த தடம் தெரியாமப் போறாகளாம்ல."

"கண்டக்டராம்."

எந்தக் கண்டக்டர்? அம்மாவைப் பார்க்கப் பந்தல்குடி பஸ்ஸில் மாதம் இரண்டு தரம் போய்வருகிறேன், அந்த ஆளின் முகம்கூட எனக்கு நினைவில்லை.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"ஊர்ல பேச்சு வருது டீச்சர்."

"என்ன பேச்சு சார்?"

"அதை என் வாயால சொல்லணுமா? நீங்க தனியா இருக்கிற பொண்ணு. நாமதான் பாத்து நடந்துக்கணும்."

நாம் என்றால் யார்? அவர் வீட்டு அடுப்பில் யார் என்ன போட்டாலும் அவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை. 'என் மேல் என்ன தப்பு' என்று கேட்டேன். நெற்றியைத் தடவிக்கொண்டு, "தப்புன்னு யாரு சொன்னா" என்றார். அதுவே சொன்னது போலத்தான்.

மத்தியானம் இரண்டு பெண்பிள்ளைகள் என் மேஜைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தன. ஏன் என்றேன். ஒன்று தலையைக் குனிந்தது. மற்றது சொன்னது: "ஒங்ககிட்ட ஒட்டி உக்காரக் கூடாதுன்னு அம்மா சொன்னாக டீச்சர்."

பலகையில் பெருக்கல் கணக்கு எழுதினேன். பாதிக் கணக்கு தப்பு.

பிப்ரவரி 7, புதன்

யோசித்ததில், விறகோடு வந்திருக்குமோ என்று ஒரு எண்ணம். விறகு வெட்டுகிற ஆட்கள் பீடி குடித்துவிட்டுக் கட்டுக்குள் செருகியிருக்கலாம். எருவட்டியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு.

காலைச் சமையல் முடிந்ததும் நெருப்பை அணைத்து, தணலைச் சட்டியில் அள்ளி வெளியே வைத்து, அடுப்பை அடியோடு சுத்தம் செய்தேன். குடிவந்ததிலிருந்து இப்படிச் செய்ததில்லை. பக்கத்துக் கொடியடுப்பு, குமிழ் இடுக்கு, மூலை எல்லாம். வந்தவை: வெந்த மண்கட்டி, ஆணி ஒன்று, கருகிய உளுந்து, உடைந்த கண்ணாடி வளையல் (என்னுடையதல்ல), அப்புறம் பின்மூலையில் கைக்குள் அடங்காத அளவு பீடித் துண்டுகள். ஒரு நாள் சமாச்சாரம் இல்லை இது. மாதக்கணக்கு.

ஈரத்துணியால் துடைத்து, சாணம் கரைத்து மெழுகினேன். முழங்கை வரை கறுப்பு. பள்ளிக்குக் கால்மணி நேரம் தாமதம். ஹெ.மா. கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

சாயங்காலம் கதவைத் திறந்து நேரே அடுப்படிக்குப் போனேன். மெழுகின அடுப்பில், காய்ந்த சாணத்தின் மேல், இரண்டு பீடித் துண்டு. பக்கத்தில் தீக்குச்சி.

விறகை நான் தொடவே இல்லை. பூட்டியது பூட்டியபடி இருந்தது. ஓடு எதுவும் விலகவில்லை.

அப்படியானால் யாரோ பூட்டைத் திறந்து வருகிறார்கள். இன்னொரு சாவி இந்த வீட்டில்தான் இருக்கிறது.

முதலில் பயம்தான். கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். கொடியில் என் சேலை, ரவிக்கை. நான் சாப்பிடுகிற தட்டு. பாய். எதை எதைத் தொட்டானோ. பிறகு பயம் போய்விட்டது. தட்டு, செம்பு, கரண்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்ச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பொன்னுத்தாயி அக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், விருந்தாளி வாராகளா?" என்றாள்.

வாயைத் திறந்திருந்தால் செம்பை எறிந்திருப்பேன்.

பிப்ரவரி 8, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும், நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

சாதாரணமாக டப்பாவில் சோறு கொண்டுபோய்ப் பள்ளியிலேயே சாப்பிடுவேன். இன்று மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு நடந்தேன். பின்சந்து வழியாக. நல்ல உச்சி வெயில், தெருவில் ஆள் இல்லை, எல்லோரும் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். பூட்டு திறந்து சங்கிலியில் தொங்கியது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருமல்.

அந்த இருமல் எனக்குத் தெரியும். தினமும் விடியும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பது.

வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணன். என் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, அடுப்பு வாய்க்குள் தலையை நீட்டி, புகையைப் புகைக்கூண்டுப் பக்கம் ஊதிக்கொண்டிருந்தார்.

யோசிக்கவே இல்லை. கதவை இழுத்துச் சாத்தி, சங்கிலி மாட்டிப் பூட்டிவிட்டேன்.

"யாரு? யாரு அது?"

"நான்தான். டீச்சர்."

பிறகு கதவுக்குப் பக்கத்தில் குரல். "தாயி, கதவத் தொற தாயி. சும்மா ஒரு பீடி. வேற ஒண்ணும் தொடல தாயி."

"இருங்க. அக்காவைக் கூட்டிட்டு வாரேன்."

"அவளக் கூப்புடாத தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

புண்ணியம்! இந்த மனுசன் மூன்று நாளாகத் தன் பெண்டாட்டி என்னைக் கேட்ட கேள்வியெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நான் தலைகுனிந்து தண்ணீர் எடுத்துப் போனதைப் பார்த்திருக்கிறார். கஞ்சி குடித்து ஏப்பமும் விட்டார், அதுவும் எனக்குக் கேட்டது.

பருத்திக் காட்டுக்குக் கரிசல் வெடிப்பில் கால் மாட்ட மாட்ட ஓடினேன். பொன்னுத்தாயி அக்கா மடி நிறையப் பருத்தியோடு தனியாக நின்றாள், மற்ற பெண்கள் மரத்தடிக்குக் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள்.

"வீட்டுக்கு வாங்கக்கா. பீடிக்காரரை உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்."

அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் மறக்க மாட்டேன். கிடந்த கம்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

கதவைத் திறந்தேன். அவர் தரையில் கிடந்தார். மூச்சு விசில் மாதிரி இழுத்தது. மீசையில் சாம்பல். அக்கா கையிலிருந்த கம்பு விழுந்தது. உட்கார்ந்து அவர் நெஞ்சைத் தேய்த்தாள். என் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். மூச்சு கொஞ்சம் தணிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"மழைக்காலத்துல இவுகளுக்கு மூச்சு நின்னு போச்சு டீச்சர். லோடு லாரிய மறிச்சு ஏத்தி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். இனி பீடியத் தொட்டா ஆளு இல்லைன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எம் புள்ள தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணாக. ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், எனக்காக எம்புருசன் விட்டுட்டாகன்னு."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் குடித்தால் அவளுக்கு வாடை தெரிந்துவிடும், இங்கே விறகுப் புகையோடு புகையாகப் போய்விடும். இவ்வளவுதான் விசயம். இதற்காகத்தான் அந்தக் கண்டக்டர் கதை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீக. ஒங்க அப்பா வந்து தங்கிட்டுப் போனாருன்னு சொல்லிருங்க. யாரு கேக்கப் போறா."

"எங்கப்பா செத்து நாலு வருசம் ஆச்சுக்கா."

"இங்க யாருக்குத் தெரியும்?"

கையை உதறிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். சாப்பிடவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

காற்று. தெருவெல்லாம் புழுதி.

கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். யார், எப்போது, எந்தச் சாவி, ஒன்றும் விடாமல். எல்லோரும் கேட்டார்கள். பிறகு ஒருத்தி நிதானமாக:

"அப்ப அவரு ஒங்க வீட்டுக்குள்ளதான் இருந்தாருங்கிறீக."

யாரோ சிரித்தார்கள். நான் என் வாயாலேயே கண்டக்டரை இறக்கிவிட்டு வீட்டுக்காரரை ஏற்றிவிட்டேன்.

"பொன்னுத்தாயி சொல்லட்டும், நம்புறோம்" என்றாள் இன்னொருத்தி. அந்த நேரம் பார்த்து அவளே குடத்தோடு வந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இறைத்தாள். நிரப்பினாள். இடுப்பில் வைத்தாள். போய்விட்டாள்.

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த மௌனத்தை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஹெ.மா.: "ஒரு மாசம் லீவு எழுதிக் குடுங்க. சூடு ஆறட்டும்." எழுதவில்லை. எழுத மாட்டேன்.

இன்று சாம்பலை வாசலில் வைக்கவில்லை. ரோட்டுப் பள்ளத்தில் கொட்டினேன். காற்றில் பாதி என் மேலேயே வந்து விழுந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு. அருப்புக்கோட்டை, அம்மா வீடு

நேற்று வந்தேன். அம்மாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். வீட்டுப் பேச்சான கன்னடத்தில் முழுதும் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று தறிச் சத்தம் வரும் நேரமாகப் பார்த்து அழுதாள். வேலையை விட்டுவிடு என்கிறாள். பாலவனத்தத்திலிருந்து ஒரு வரன் விசாரித்திருக்கிறதாம், இந்தப் பேச்சு அங்கே போவதற்குள் வந்துவிடு என்கிறாள்.

"யாரோ குடிச்ச பீடிக்கு நான் ஏம்மா வேலையை விடணும்?"

எனக்குச் சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ரவிக்கைத் துணி, சோப்பு வாங்கினேன். தேங்காயெண்ணெய் மறந்துவிட்டது.

பிப்ரவரி 12, திங்கள்

முதல் பஸ். நல்ல கூட்டம், பந்தல்குடி வரை நின்றுகொண்டே. கண்டக்டர் முகத்தை வேண்டுமென்றே நன்றாகப் பார்த்தேன். வயதானவர். ஒரு பல் இல்லை.

பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகிற நேரம். பள்ளிக்கூட வாசலில் பொன்னுத்தாயி அக்கா. ஒரு கையில் புருசனின் மணிக்கட்டு. அவர் துண்டை இடுப்பில் கட்டி, மாடு மாதிரி பின்னால் வந்தார். பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த தாய்மார் நாலைந்து பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஹெ.மா. வெளியே வந்தார்.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கங்கிறேன். கிணத்தடியில நான் வாய மூடிக்கிட்டு வந்ததுலருந்து எனக்குத் தண்ணி எறங்கல. இவுக டீச்சர் கண்ணுல முழிக்காம மாட்டுக் கொட்டத்துல படுத்துக் கெடக்காக. சொல்லுங்க."

"பீடி என்னோடது சார்" என்றார் அவர். "டீச்சர் பள்ளிக்கொடம் வந்த பெறகு, எங்க சாவியப் போட்டுத் தொறந்து போய்க் குடிச்சேன். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"சத்தமா."

இன்னொரு தரம் சொன்னார். இருமல் வந்துவிட்டது. அவள் முதுகைத் தடவிக்கொடுக்கவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாய்மாரைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீகளா? எல்லாத்துக்கும் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நெஞ்சு குளிரும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

ஹெ.மா. என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான் டீச்சர்."

"யார் மேல சார்?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் நகரவில்லை. துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சுவரோரம் உட்கார்ந்த பெண்பிள்ளைகள் இரண்டும் பழைய இடத்துக்கு வந்தன. யாரும் சொல்லாமலே.

சாயங்காலம் உலை வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நிலைப்படியில் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு சாவியை எடுத்து உள்ளே வைத்தாள். நான் எடுக்கவில்லை. அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கோவமா டீச்சர்?"

"ஆமாக்கா."

"இருக்கட்டும்." பிறகு படியிலேயே உட்கார்ந்தாள். "எனக்கும் இருக்கு. எங்க போய் இறக்கன்னுதான் தெரியல."

உலை கொதிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். நான் போகச் சொல்லவில்லை.