யாழினியின் சொல்வதெழுதல் கொப்பி

எனக்கு எல்லாமாக இருந்த அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. எங்கள் நிலைமையைச் சொல்கிறேன், கேள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நீ ஏறிய பஸ்ஸில் குண்டு வெடித்து ஐந்து மாதமாகிறது. அதற்குப் பிறகு யாழினி, பஸ்கள் ஓயாத அந்தக் காலி வீதியைக் கடந்து பள்ளிக்கூடம் போகவே மாட்டேன் என்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை, பஸ் சத்தம் கேட்டாலே என் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். அவள் போகாமல் தம்பி சின்னவனும் போகமாட்டானாம். ஆகவே வெள்ளவத்தையில் நம் இரண்டு அறை வீடுதான் இப்போது பள்ளிக்கூடம். நான்தான் ரீச்சர். சிரிக்காதே.

பாணந்துறை ரயில் போனதும் கணக்கு. சோறு வடித்ததும் சிங்களம். சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டே வாய்ப்பாடு. தேங்காய் துருவும்போது சொல்வதெழுதல், அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கிறது. பாடம் ஒழுங்காக நடந்தால் பருப்பு அடிப்பிடிக்கிறது. கறி சரியாக வந்த அன்று சின்னவன் சுவர் முழுக்க 'அ' எழுதி வைத்திருக்கிறான். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, நீ எப்படித்தான் சமாளித்தாய்? ஒரு நாளும் நான் கேட்கவில்லையே.

போன கிழமை அத்தான் டோகாவிலிருந்து போன் எடுத்தார். "உமக்குக் கஷ்டமெண்டால் சொல்லும். ரெண்டு பேரையும் ஹொஸ்டலிலை விடுவம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பாவம், பெற்ற தகப்பன் அவர். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன் என்றேன். ஓம், விடுவம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

நேற்று மத்தியானம் உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு யாழினியின் கொப்பியைத் திருத்த எடுத்தேன். நான் சொன்னது, "மழை பெய்தது. ஆறு பெருகியது." அவள் எழுதியிருந்தது, "மழை பெய்தது. ஐயோ பால் பொங்குது. ஆறு பெருகியது. கண்ணா, நெருப்புப்பெட்டியை வை." என் வாயில் வந்ததெல்லாம் வரிவரியாக இருந்தது. நீ போன பிறகு முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த வரி, "அக்கா, என்னாலை ஏலாது."

துருவிக்கொண்டே உன்னோடு கதைத்திருக்கிறேன். எனக்கே தெரியாது. பிள்ளை கேட்டிருக்கிறாள்.

பிழைவிட்ட சொல்லைக் கீழே மூன்று தரம் திருத்தி எழுதவேண்டும், அது நீ வைத்த சட்டம். எப்போதும் நான் சிவப்பில் வட்டம் போட்ட பிறகுதான் எழுதுவாள். இந்த முறை 'ஏலாது' என்பதைத் தானே வட்டம் போட்டிருந்தாள். கீழே அவளுடைய உருண்டை எழுத்தில், ஏலும், ஏலும், ஏலும்.

"இது பிழையெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிழையில்லையோ சின்னம்மா? அப்ப எங்களை அனுப்பப் போறீங்களோ?"

அன்றைக்கு நான் போனில் கதைத்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், அக்கா. பருப்பு அடிப்பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் இல்லை என்று சொல்வேன். திங்கட்கிழமை மூன்று பேரும் காலி வீதி வரைக்கும் நடப்போம். கடக்கமாட்டோம், நின்று பார்த்துவிட்டு வருவோம். ஒருநாள் கடப்போம். பிறகு ஒருநாள் பள்ளிக்கூட வாசல். எல்லாம் சரியாகச் செய்வேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். பிழை விட்டால் மூன்று தரம் எழுதுவேன்.

உன் தங்கச்சி,
உன் பிள்ளைகளின் சின்னம்மா