ரத்தம் வந்தால் இரண்டு இலை

இன்று மதியம் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று படியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. பஞ்சில் டெட்டாலை ஊற்றினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. "ஊதுங்க மிஸ்" என்றது குழந்தை. ஊதினேன். நெஞ்சுக்குள் நீதான் இருந்தாய்.

உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். ஞாயிறு பூசையில் இறந்தோருக்காக ஜெபிக்கும்போது உன் பெயரையும் வாசிக்கிறார்கள், 'அன்பின் ஆசிரியை' என்று. அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்பாக இருந்ததற்கு உனக்கு என்ன கிடைத்தது என்று பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்த எனக்குத் தெரியும்.

அந்தத் தவக்காலம் ஞாபகமிருக்கிறதா? எல்லா வகுப்பிலும் அன்பு மரம் வைக்கச் சொன்னார் ஹெச்.எம். சிஸ்டர். சார்ட் பேப்பரில் வரைந்த மொட்டை மரம். பிள்ளைகளில் யார் இன்னொருவருக்கு உதவினாலும் ஒரு பச்சை இலை ஒட்டலாம். எந்த மரம் அதிகம் தழைக்கிறதோ அந்த வகுப்புக்குப் பெரிய டிவி. கொடுப்பது தொழிற்பேட்டையிலிருந்து ஒரு கம்பெனி. அப்பன்களை ஷிப்டுக்கு மேல் ஷிப்ட் நிற்கவைத்துச் சக்கையாக வீட்டுக்கு அனுப்புகிறவர்கள், பிள்ளைகளுக்கு அன்பு சொல்லித்தர வருகிறார்களா என்று கேட்டேன். "வாய மூடுடி, சிஸ்டர் காதுல வுழப்போவுது" என்று சிரித்தாய்.

உன் மூன்றாம் வகுப்பு மரம்தான் வேகமாகத் தழைத்தது. மற்ற வகுப்புகளை வரிசையாக அழைத்துவந்து காட்டினார் சிஸ்டர். உனக்கும் உள்ளுக்குள் பெருமை. பிகாஷின் முட்டியில் தினமும் ஒரு புதுக் காயம் இருந்ததை நாம் இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை, அப்பா கார்த் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட். ஒல்லியான பையன், தடுக்கி விழுகிறான் என்று நினைத்தோம்.

டிபன் பாக்ஸ் கழுவ நாம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனபோதுதான் உன் வகுப்புப் பையன்களின் அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"டேய், இன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் நான் தள்றேன். கோகுல், நீ தூக்கி வுடு."

"நேத்தும் நீதானடா தள்ளின? எனக்கு ஓ.டி. குடுக்க மாட்டியா?"

"சரி, நீயே தள்ளு. மண்டைல வேணாம், முட்டில. ரத்தம் வந்தா மிஸ் ரெண்டு இலை குடுப்பாங்க."

ஒருமுறை, ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாமல் காயத்தைக் கழுவிவிட்ட பிள்ளைக்கு நீ இரண்டு இலை கொடுத்திருந்தாய். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாம் எட்டிப் பார்ப்பதற்குள் கோகுல் பிகாஷைத் தள்ளிவிட்டான். சிமெண்ட் விளிம்பில் முட்டி மோதிய சத்தம் கேட்டது. முறையை விட்டுக்கொடுத்தவன் பாட்டிலோடு ஓடிவந்து குனிந்தான். "ஐயோ, வலிக்குதாம்மா? தோ, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல." உன் ராகம். அப்படியே உன் குரல்.

உன் முகம் செத்துப்போனது.

பிகாஷைத் தூக்கி மடியில் உட்காரவைத்து, ஏன்டா சொல்லல என்று கேட்டாய். "தள்னாதான் மிஸ் என்கூட வெளாட்றாங்கோ" என்றான்.

நீ யாரையும் அடிக்கவில்லை. வகுப்புக்குள் போய் மரத்தைக் கிழித்தாய். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த என் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் ஓடிவந்தார். "வெள்ளிக்கிழமை கம்பெனிலேருந்து வராங்க. மரம் எங்கம்மா?"

"மரத்துக்கு ரத்தம் ஊத்திக்கினு இருந்திருக்கோம் சிஸ்டர்."

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் ஒரு தீர்வு சொன்னார். பிகாஷுக்கு டி.சி. கொடுத்துவிடலாமாம். "அந்தப் பையன் பாதுகாப்புக்குத்தாம்மா சொல்றேன். அவங்க ஆளுங்க அதிகமா இருக்கற ஸ்கூல்ல சேர்த்தா நிம்மதியா இருப்பான்."

"அடி வாங்கினவனுக்கு டி.சி., அடிச்சவனுக்கு டிவியா?" என்று கேட்டாய். பெற்றோரை வரச்சொல்லிப் பேசிவிட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார்.

மறுநாள் பேச்சு பள்ளிக் கேட்டைத் தாண்டி உள்ளேயே வரவில்லை. கோகுலின் அப்பா செக்யூரிட்டி யூனிஃபார்மில் வந்திருந்தார். அவர்கள் குடும்பம் விதைத்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போய், அதே நிலத்தின் கேட்டில் வருகிற போகிற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்கிற மனிதர். பெல்ட்டைக் கழற்றினார். "படிக்க அனுப்சா ரவுடித்தனமா பண்ற? சோமாறி!" கோகுல் சுருண்டான். பிகாஷின் அப்பா குறுக்கே வந்து, "சின்ன பையன் சார், வுடுங்க சார்" என்று கையைப் பிடித்தார். அது போதுமாக இருந்தது.

"இன்னாடா, எங்க ஊருக்கு வந்துட்டு எனக்கே புத்தி சொல்றியா?"

பெல்ட் அவர்மேல் திரும்பியது. டீக்கடையில் நின்றிருந்தவர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள், எதற்கு என்றே தெரியாமல் வந்து சேர்ந்துகொண்டார்கள். செருப்பு, ஹெல்மெட், கையில் கிடைத்ததெல்லாம் அவர்மேல் விழுந்தது. எல்லோருக்கும் யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசரை அடிக்க முடியாதவர்கள், வேறென்ன. ஜன்னலில் சிஸ்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கத்திக்கொண்டிருந்தேன். நீ உள்ளே புகுந்தாய். "உம்புள்ளைக்கு அடிக்கக் கத்துக்குடுத்தது நாங்க. எங்க இலைக்காகத்தான் அடிச்சான். அடிக்கறதுன்னா என்னைய அடி!"

அடித்தார். பக்கிள் உன் வாயில் விழுந்தது. மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். உதடு கிழிந்து ரத்தம் சேலையில் வழிந்தது. கூட்டம் பின்வாங்கியது. "பொம்பள குறுக்க ஏன் வந்தா?" என்று அந்த ஆள் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தது கோகுல். கையெல்லாம் தடித்து வீங்கியிருந்தது. பாட்டில் தண்ணீரில் சட்டை முனையை நனைத்து உன் வாயைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே கேட்டான்: "மிஸ், இதுக்கு இலை உண்டா?"

எனக்கு அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது. நீ சிரித்தாய். பல்லெல்லாம் சிவப்பாக. "இல்லடா கண்ணு. இதுக்கு ஒண்ணுமே கெடையாது."

அவன் யோசித்தான். உண்மையாகவே நின்று யோசித்தான். பிறகு மிச்சத் தண்ணீரை மூடியில் ஊற்றி, "கொப்பளிங்க மிஸ்" என்று நீட்டினான்.

தையல் போட்ட உதட்டோடு மறுநாள் சிஸ்டர் முன்னால் நின்றாய். "போலீசுக்குப் போவல. பிகாஷ் இங்கதான் படிப்பான். ரெண்டும் சேந்துதான் சிஸ்டர்." அவர் ஒத்துக்கொண்டார். படப்பைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் உன்னிடம் சண்டை போட்டேன். அந்த ஆளைச் சும்மா விட்டுவிட்டாயே என்று.

"இன்னாடி பண்ணச் சொல்ற? கேஸ் போட்டா நான் ஜெயிப்பேன், புள்ள வெளிய போவும்" என்றாய். பேசும்போது வலித்திருக்க வேண்டும். அதன்பின் வாயைக் கையால் மூடிக்கொண்டாய்.

அடுத்த மழைக்காலத்தில் நீ போனாய். ஒரகடம் சாலையில் தண்ணீர் நின்ற பள்ளம், உன் வண்டி, பின்னால் கார்களை ஏற்றிவந்த டிரெய்லர். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. பள்ளத்தை இன்னும் மூடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிகாஷ் இப்போது ஐந்தாம் வகுப்பு, என்னிடம்தான் படிக்கிறான். முட்டியில் பழைய தழும்புகள்தான் இருக்கின்றன. கபடியில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. "இன்னாடா, மூச்சு வாங்குதா? போய் ரெஸ்ட் எடு" என்று எல்லோரையும் கேலி செய்கிறான். நீ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அடக்கத்துக்குக் கோகுலின் அப்பாவும் வந்திருந்தார். அதே யூனிஃபார்ம், அதே பெல்ட். கையில் மாலை. குழிக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஃபாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்பைக் கழற்றி ஓங்கினேன். நிச்சயமாக அடித்திருப்பேன்.

அவர் பக்கத்தில் கோகுல் நின்றிருந்தான். என் கை மேலே போனதும் அவன் முழங்கை தன்னால் எழும்பித் தன் தலையை மறைத்துக்கொண்டது. நான் பார்த்தது அவன் அப்பாவை. ஆனால் யார் யார்மேல் கை ஓங்கினாலும் அடி தன்மேல்தான் விழும் என்று அந்த உடம்பு படித்து வைத்திருந்தது.

செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன், எத்தனை ஈஸ்டர் வந்தாலும். ஆனால் வகுப்பில் நான் கை ஓங்குகிறபோதெல்லாம் அந்த முழங்கை கண்முன் வந்து நிற்கிறது. கையை இறக்கிவிடுகிறேன். சில நாட்களில் அதற்கு உடம்பிலிருக்கிற பலம் மொத்தமும் வேண்டியிருக்கிறதடி.